வாடகை வீட்டுக் கூடத்துக்கு எந்த விளக்குகள்?

கேள்வி:

நாங்கள் இருப்பது வாடகை வீடு. இன்னும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் காலி செய்துவிடுவோம். கூடம் 14 அடிக்கு 12 அடி. மேற்கூரையின் நடுவே ஒரே ஒரு எல்இடி டியூப் லைட் இருக்கிறது. அதைப் போட்டால் வீடே வெளிறிப்போய் அலுவலகம் போலத் தெரிகிறது. ஆனாலும் யாருக்கும் வெளிச்சம் போதவில்லை. மாமியார் நாற்காலியை டியூப் லைட்டுக்கு நேர் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தித்தாள் படிக்கிறார். இடக்கைப் பழக்கமுள்ள என் மகள் சாப்பாட்டு மேசையில் எழுதும்போது தன் கை நிழல் நோட்டில் விழுகிறது என்கிறாள். கணவர் இரவில் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து கணினியில் வேலை செய்கிறார். சுவர்கள் மங்கிய பச்சை நிறம். ஆணி அடிக்கவோ வண்ணம் பூசவோ கூடாது என்று வீட்டு உரிமையாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆசையாக வண்ணக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த மேசை விளக்கு ஒன்றை வாங்கினேன். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் வெளிச்சமே இல்லை. அழகாகவும் இருக்க வேண்டும், வெளிச்சமும் தர வேண்டும், வீடு மாறும்போது கையோடு கொண்டுபோகவும் முடிய வேண்டும். எப்படிப்பட்ட விளக்குகளை, எத்தனை வாங்கலாம்? மஞ்சள் வெளிச்சம் படிப்புக்கு ஆகாது என்கிறார்களே, அது உண்மையா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் வாங்கிய வண்ணக் கண்ணாடி விளக்கிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதற்குள் இருக்கிறது. விளக்குகளில் தன்னைக் காட்டுவதற்காக எரிபவை ஒரு வகை. பிறவற்றைக் காட்டுவதற்காக எரிபவை இன்னொரு வகை. கடையில் எல்லா விளக்குகளும் ஒரே அலமாரியில் எரிந்துகொண்டிருப்பதால் இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. அடர் சிவப்பும் நீலமுமான கண்ணாடி தன் வழியே போகும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் வெளியே விடுகிறது. அந்த விளக்கில் எவ்வளவு பெரிய பல்பைப் போட்டாலும் செய்தித்தாள் படிக்க முடியாது. பல்பின் சூட்டில் கண்ணாடியை ஒட்டியிருக்கும் பசைதான் கெடும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். 2 அல்லது 3 வாட் எல்இடி பல்பு போட்டு, கூடத்தின் இருண்ட மூலையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு சிறு மேசையின் மேல் வையுங்கள். அந்த மூலைக்கு ஓர் உயிர் வந்துவிடும். அந்த விளக்கிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்து, வெளிச்சம் போதவில்லை என்ற குறைக்கு வருகிறேன். உங்கள் கூடம் சுமார் 15.6 சதுர மீட்டர். வழக்கமாக வீடுகளில் போடும் 20 வாட் எல்இடி டியூப் ஏறக்குறைய 2,000 லுமென் ஒளி தரும். லுமென் என்பது விளக்கிலிருந்து வெளியேறும் மொத்த ஒளியின் அளவு. அந்த ஒளி முழுவதும் தரை மீது சமமாகப் பரவினாலும் ஒரு சதுர மீட்டருக்கு 130 லுமெனுக்கும் குறைவாகவே கிடைக்கும். சதுர மீட்டருக்கு ஒரு லுமென் என்பதே ஒரு லக்ஸ். பச்சைச் சுவர்களும் திரைச்சீலைகளும் விழுங்குவது போக, மேசை மட்டத்தில் 60 முதல் 80 லக்ஸ் வரை நின்றால் அதிகம். கூடத்தில் நடமாடவும், உட்கார்ந்து பேசவும், தொலைக்காட்சி பார்க்கவும் அது போதும். படிப்பதற்கும் எழுதுவதற்கும் 300 முதல் 500 லக்ஸ் வரை வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. ஆகவே உங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வது உண்மைதான். ஆனால் அதற்காக மேற்கூரை வெளிச்சத்தைக் கூட்டுவது வழியாகாது. கூடம் முழுவதையும் 300 லக்ஸுக்கு உயர்த்த வேண்டுமானால் இதே போன்ற டியூப் நான்கைந்து வேண்டும். அந்த வெளிச்சத்தில் யாரும் நிம்மதியாக உட்கார முடியாது.

விளக்கு அருகில் வந்தால் நிலைமை எவ்வளவு மாறுகிறது என்பதைப் பாருங்கள். சிறிய பல்பு ஒன்றிலிருந்து விழும் வெளிச்சம், தொலைவு இரண்டு மடங்கானால் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. 8 அடி தொலைவில் இருக்கும் பல்பை 2 அடிக்குக் கொண்டுவந்தால், அதே பல்பு 16 மடங்கு வெளிச்சம் தரும். அதனால்தான் 450 லுமென் மட்டுமே தரும் 5 வாட் பல்பு, சரியான மேசை விளக்கில் நோட்டுக்கு ஒன்றரை அடி மேலே எரியும்போது, மேற்கூரையில் எரியும் 2,000 லுமென் டியூபைத் தோற்கடித்துவிடுகிறது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய அனுகூலம். மேற்கூரையைத் தொடாமலேயே, பிளக்கில் செருகும் மூன்று நான்கு விளக்குகளால் கூடத்தின் வெளிச்சத்தை முழுவதுமாக மாற்றி அமைத்துவிடலாம். காலி செய்யும் நாளில் பிளக்கைப் பிடுங்கினால் போதும்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு மாலை நேரத்தில் ஒரு சோதனையைச் செய்யுங்கள். டியூப் லைட்டை அணைத்துவிட்டுக் கைப்பேசியின் டார்ச்சை எரியவிடுங்கள். அதை முதலில் மாமியாரின் நாற்காலிக்குப் பின்னால், அவருடைய தோளுக்குச் சற்று மேலே பிடித்து, செய்தித்தாளில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பாருங்கள். பிறகு மேற்கூரையை நோக்கித் திருப்புங்கள். மேற்கூரை வெள்ளையாக இருந்தால் கூடம் முழுவதும் மெல்லிய, நிழலற்ற வெளிச்சம் பரவும். பிறகு பச்சைச் சுவரை நோக்கித் திருப்புங்கள். அதே டார்ச்சின் வெளிச்சம் மங்கிச் சற்றுப் பச்சையாகத் திரும்பி வருவதைக் காண்பீர்கள். வெள்ளைப் பரப்பு தன் மேல் விழும் ஒளியில் 80 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும். நடுத்தரப் பச்சை அதில் பாதியைக்கூடத் திருப்புவதில்லை. வண்ணம் பூச முடியாத வீட்டில் இந்த ஒரு செய்தியை வைத்தே விளக்குகளின் இடத்தைத் தீர்மானிக்கலாம். உங்கள் கூடத்தில் ஒளியைத் திருப்பித் தரும் பரப்பு மேற்கூரை ஒன்றுதான். பச்சைச் சுவரை நம்பி அதன் மேல் ஒளியைப் பாய்ச்சும் விளக்குகளை வாங்க வேண்டாம். சுவரோரம் விளக்கு வைத்தே ஆக வேண்டுமென்றால், அதற்குப் பின்னால் வெளிர் நிறத் திரைச்சீலையோ, அலமாரியின் மேல் சாய்த்து வைத்த வெள்ளைப் பின்புலம் கொண்ட பெரிய படமோ இருக்கட்டும்.

இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்கிறேன். முதலில் மாமியார், ஏனென்றால் உங்கள் வீட்டில் அதிக வெளிச்சம் தேவைப்படுபவர் அவர்தான். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது, விழிவில்லை மஞ்சளாகிறது; 60 வயதில் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதில் எட்டியதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். அதே வயதில் கண்கூச்சமும் கூடுகிறது. ஆகவே அவருக்கு வேண்டியது அதிக வெளிச்சம், ஆனால் கண்ணில் படாத வெளிச்சம். நாற்காலியின் பக்கவாட்டில், சற்றுப் பின்தள்ளித் தரையில் நிற்கும் ஃப்ளோர் லாம்ப் இதற்குப் பொருத்தமானது. ஷேடின், அதாவது பல்பைச் சுற்றியிருக்கும் மூடியின், கீழ் விளிம்பு உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான நாற்காலிகளுக்கு அது தரையிலிருந்து 100 முதல் 110 சென்டிமீட்டர் வரை வரும். மாமியாரை அவருடைய நாற்காலியிலேயே உட்கார வைத்து, தரையிலிருந்து கண் வரை ஒரு நூலால் அளந்து, அந்த நூலைக் கடைக்குக் கொண்டுபோங்கள். விளிம்பு அதற்கு மேலே இருந்தால் பல்பு கண்ணில் குத்தும். மிகவும் கீழே இருந்தால் வெளிச்சம் மடியோடு நின்றுவிடும்.

அந்த விளக்குக்கு 800 லுமென் பல்பு போடுங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பின் அளவு அது. இப்போது 8 அல்லது 9 வாட் எல்இடியில் கிடைக்கிறது. பல்பின் அட்டையில் வாட்டைப் பார்த்து வாங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்; வாட் என்பது பல்பு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதைத்தான் சொல்லும், எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதை லுமென் எண்தான் சொல்லும். ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். காலால் மிதிக்கும் ஸ்விட்ச் உள்ள விளக்குகள் பார்ப்பதற்கு நேர்த்தியாக இருந்தாலும், வயதானவர்கள் இருட்டில் அதைக் காலால் தேடித் தடுமாறுவார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டுகிற உயரத்தில், தண்டிலோ பல்பு ஹோல்டருக்கு அருகிலோ ஸ்விட்ச் உள்ள விளக்கைத் தேர்ந்தெடுங்கள்.

மகளின் சிக்கல் உங்கள் கடிதத்திலேயே விளங்கிவிட்டது. டியூப் லைட் அவள் தலைக்கு மேலும் பின்னாலும் இருப்பதால் தலை, தோள், கை ஆகிய மூன்றின் நிழலும் நோட்டில் விழுகிறது. மேசை விளக்கை இடப்பக்கம் வைக்கும்படி பொதுவாகச் சொல்வார்கள். அது வலக்கையால் எழுதுபவர்களுக்கான யோசனை. உங்கள் மகளுக்கு விளக்கு வலப்பக்கம், சற்று முன்னால் இருக்க வேண்டும். அப்போது கையின் நிழல் எழுதும் இடத்தை விட்டு இடப்பக்கமாக ஒதுங்கிவிடும். சாப்பாட்டு மேசையில் படிப்பதால், சாப்பிடும் நேரத்தில் தூக்கி வைக்க வசதியாக மேசை விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் வகை விளக்கை வாங்குங்கள். கை மடங்கி நீளும் வகை இதற்குச் சிறந்தது. வாகன சஸ்பென்ஷன் துறையில் பொறியாளராக இருந்த ஜார்ஜ் கார்வர்டைன் என்ற ஆங்கிலேயர் 1932இல் ஸ்பிரிங்குகளின் இழுவிசையால் எந்த நிலையிலும் நிற்கும் கையை உருவாக்கினார். இன்று நாம் வாங்கும் மடக்கு மேசை விளக்குகள் பெரும்பாலும் அந்த வடிவமைப்பின் வாரிசுகளே. கடையில் அந்தக் கையை நான்கைந்து நிலைகளில் நிறுத்திப் பாருங்கள். விட்ட இடத்தில் நிற்காமல் மெல்லத் தொங்கினால், ஆறு மாதத்தில் அது நோட்டின் மேல் விழத் தொடங்கும்.

கணவருடைய மூலைக்குத் தனி மேசை விளக்கு வேண்டும் என்பதில்லை. திரை தானே ஒளிர்கிறது. அதைச் சுற்றி இருட்டாக இருப்பதுதான் கண்ணைக் களைப்படைய வைக்கிறது. திரைக்குப் பின்னால் சுவரை நோக்கித் திரும்பிய ஒரு சிறு விளக்கு, அல்லது மேசையின் பின்விளிம்பில் ஒட்டிய, நாடா போன்ற எல்இடி ஸ்ட்ரிப், அந்த முரணைக் குறைக்கும். அந்தச் சுவர் பச்சையாக இருந்தாலும் பாதகமில்லை, ஏனென்றால் இங்கே வேண்டியது திரையின் பின்னணி முழு இருட்டாகாமல் இருக்கும் அளவுக்கு மென்மையான ஒளி மட்டுமே. எல்இடி ஸ்ட்ரிப்பைச் சுவரில் ஒட்டவே ஒட்டாதீர்கள். டிஸ்டெம்பர் பூசிய சுவரிலிருந்து அதைப் பிரிக்கும்போது வண்ணம் பட்டை பட்டையாக உரிந்து வரும். முன்பணத்தில் பிடித்தமும் வரும். எதை ஒட்டுவதாக இருந்தாலும் உங்களுக்குச் சொந்தமான மேசையிலும் அலமாரியிலும் ஒட்டுங்கள்.

இனி கூடம் முழுவதற்குமான பொது வெளிச்சம். மேற்கூரை வெள்ளை என்றால், ஒளியை மேல்நோக்கி அனுப்பும் உயரமான ஃப்ளோர் லாம்ப் ஒன்றை உங்களுக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். 170 முதல் 180 சென்டிமீட்டர் உயரமுள்ள அந்த விளக்கின் கிண்ணம் மேலே பார்த்திருக்கும். பல்பு யார் கண்ணிலும் படாது. ஒளி மேற்கூரையில் பட்டுக் கூடம் முழுவதும் இறங்கும். 1,500 முதல் 2,000 லுமென் வரை தரும் எல்இடி உள்ளதாக வாங்குங்கள். மாலை 7 மணிக்கு மேல் டியூப் லைட்டுக்குப் பதிலாக இதைப் போட்டால், அலுவலகம் போலத் தெரிகிறது என்ற உங்கள் குறை அன்றே நீங்கும். யாராவது பழைய ஹாலோஜன் வகையைக் குறைந்த விலைக்குத் தந்தால் வாங்க வேண்டாம். 300 வாட் வரை எடுத்த அந்தப் பல்புகளின் சூட்டில் திரைச்சீலைகள் தீப்பற்றிய நிகழ்வுகள் உண்டு.

வளைந்த கம்பியில் தொங்கும் பெரிய ஆர்க் லாம்ப் வாங்கலாமா என்ற எண்ணம் பத்திரிகைப் படங்களைப் பார்க்கிற எல்லோருக்கும் ஒருமுறையாவது வரும், உங்களுக்கும் வந்திருக்கலாம். அதன் முன்மாதிரி, இத்தாலியைச் சேர்ந்த காஸ்டிலியோனி சகோதரர்கள் 1962இல் வடிவமைத்த ஆர்கோ விளக்கு. மேற்கூரையில் துளை போடாமல் மேசைக்கு மேலே விளக்கைத் தொங்கவிடுவது எப்படி என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை அது. அந்த வகையில் அது வாடகை வீட்டுக்கு ஏற்ற யோசனைதான். ஆனால் அதன் அடிப்பாகம் ஏறத்தாழ 65 கிலோ எடையுள்ள பளிங்குக் கல். இரண்டு பேர் துடைப்பக் கட்டையைச் செருகித் தூக்குவதற்காக அந்தக் கல்லில் ஒரு துளையே போட்டிருக்கிறார்கள். அவ்வளவு எடை இருப்பதால்தான் அந்த நீண்ட வளைவு சாயாமல் நிற்கிறது. சந்தையில் கிடைக்கும் மலிவான நகல்களில் வளைவு மட்டும் இருக்கிறது, எடை இல்லை. குழந்தையும் முதியவரும் நடமாடும் 14 அடிக் கூடத்துக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. பொதுவாக எந்த ஃப்ளோர் லாம்ப்பை வாங்கினாலும், கடையிலேயே அதன் தலைப்பகுதியை ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். சற்றுச் சாய்ந்து தானாக நிமிர வேண்டும். சாய்ந்தபடியே போகப் பார்த்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அழகைப் பற்றி இதுவரை குறைவாகவே பேசியிருக்கிறேன். விளக்கின் அழகில் பெரும்பகுதி ஷேடில்தான் இருக்கிறது. தண்டும் அடிப்பாகமும் பகலில்தான் கண்ணில் படும், இரவில் ஷேடு மட்டுமே படும். லினன் துணி ஷேடு எல்லாப் பக்கமும் மென்மையாக ஒளிரும். கூடத்துக்கு மிக எளிதாகப் பொருந்துவதும் அதுதான். உலோக ஷேடு பக்கவாட்டில் ஒளியே விடாமல் கீழே மட்டும் அனுப்பும். படிக்கும் மேசைக்கு நல்லது, கூடத்தில் தனியாக வைத்தால் குகையில் இருப்பது போலிருக்கும். காகித ஷேடை மலிவுப் பொருள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். சிற்பி இசாமு நொகுச்சி 1951இல் ஜப்பானின் கிஃபு நகரத்துக்குச் சென்றபோது தொடங்கிய அகாரி விளக்குகள் மூங்கில் வளையங்களின் மேல் கையால் செய்த காகிதத்தை ஒட்டியவை. பல்பின் கடுமை முழுவதையும் வடிகட்டிவிட்டு ஒளியை மட்டும் தருவதில் அவற்றுக்கு இணையானவை குறைவு. அந்த மரபில் வந்த எளிய காகித விளக்குகள் பலவும் தட்டையாக மடிந்துவிடும் என்பது, இரண்டு ஆண்டில் சாமான்களைக் கட்டப்போகிற உங்களுக்குக் கூடுதல் வசதி. தூசி பிடிக்கும், ஈரத் துணியால் துடைக்க முடியாது. மகள் கூடத்தில் பந்து விளையாடுபவளாக இருந்தால் ஒரு முறை யோசித்துக்கொள்ளுங்கள்.

துணி ஷேடை வாங்கும்போது எரியவைத்துப் பாருங்கள். துணியின் வழியே பல்பின் வடிவம் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தால், துணி மெல்லியது அல்லது ஷேடு சிறியது. பிறகு கடையில் ஒரு முக்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து, வீட்டில் எந்தக் கோணத்திலிருந்து பார்ப்பீர்களோ அந்தக் கோணத்திலிருந்து பாருங்கள். நின்றுகொண்டு பார்த்து வாங்கிய விளக்கு, வீட்டில் உட்கார்ந்த பிறகு கண்ணில் அறைவது வெகு சாதாரணமாக நடக்கிறது. மேசை விளக்கின் ஷேடு, அடிப்பாகத்தின் உயரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு உயரம் இருந்தால் பார்வைக்கு நிறைவாக இருக்கும். இது சட்டமில்லை, கண்ணுக்கு ஒரு தொடக்கம்தான். எல்லா விளக்குகளும் கவனத்தைக் கேட்கக் கூடாது. உங்களிடம் ஏற்கெனவே வண்ணக் கண்ணாடி விளக்கு இருக்கிறது. கூடத்தில் பேசப்படப்போவது அது. மற்றவை கருப்பு, வெண்கலம், மரம் என ஏதாவது ஒரே குடும்பத்து நிறத்தில் அடக்கமாக இருக்கட்டும்.

மஞ்சள் வெளிச்சம் படிப்புக்கு ஆகாது என்பது உண்மையில்லை. நிறம் வேறு, அளவு வேறு. முன்பு வீட்டில் எரிந்த மஞ்சள் பல்பு அளவிலும் குறைவாக இருந்ததால் இரண்டையும் சேர்த்தே பழித்துவிட்டோம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் எண்ணால் குறிப்பார்கள்: 2700, 3000 என்றால் இளமஞ்சள், 4000 நடுநிலை வெண்மை, 6500 நீலம் கலந்த வெண்மை. உங்கள் டியூப் லைட் 6500 என்றே ஊகிக்கிறேன். கூடத்து விளக்குகளுக்கு 2700 அல்லது 3000, மகளின் மேசை விளக்குக்கு மட்டும் 4000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் பிரகாசமான நீலவெண் ஒளியில் நெடுநேரம் இருப்பது, உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் சுரப்பதைத் தாமதப்படுத்தும். ஆகையால் அவளுடைய விளக்குக்கும் 6500 வேண்டாம். ஒரே பார்வையில் படும் இரண்டு விளக்குகள் வெவ்வேறு நிறத்தில் எரிவதுதான் பல வீடுகளில் கூடத்தின் தோற்றத்தைக் கெடுக்கிறது. விலை உயர்ந்த விளக்குகள்கூட அப்போது ஒட்டுப்போட்டது போலத் தெரியும். மகளின் விளக்கைத் தவிர மற்ற எல்லாப் பல்புகளையும் ஒரே நிறுவனத்தின் ஒரே கெல்வின் எண்ணில் வாங்கிவிடுவது நல்லது.

பல்பு அட்டையில் இன்னும் ஓர் எண்ணைப் பாருங்கள். சிஆர்ஐ எனப்படும் அது, பொருள்களின் நிறத்தை அந்த ஒளி எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு, உச்சம் 100. பொதுவாகக் கிடைப்பவை 80. கூடத்துக்கு அது போதும் என்றாலும், 90க்கு மேல் உள்ளவற்றில் முகங்களின் நிறமும் துணிகளின் சிவப்பும் உயிரோடு தெரியும். பச்சைச் சுவர் திருப்பி அனுப்பும் ஒளி முகங்களை ஏற்கெனவே சோகையாக்கும் உங்கள் கூடத்தில், சற்றுக் கூடுதல் விலை கொடுத்து 90ஐ வாங்குவது வீண் செலவாகாது. எரியும் பல்பைக் கைப்பேசியின் கேமரா வழியே பாருங்கள். திரையில் கருங்கோடுகள் பட்டையாக ஓடினால் அந்தப் பல்பு கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிறது. அதில் நெடுநேரம் படித்தால் சிலருக்குத் தலைவலி வரும்.

பல்பையும் விளக்கையும் தனித்தனியாக வாங்கும் வகையையே தேர்ந்தெடுங்கள். எல்இடி உள்ளேயே பொருத்தப்பட்ட மெல்லிய விளக்குகள் பார்வைக்கு நாகரிகமாக இருந்தாலும், எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் ‘டிரைவர்’ என்ற உள் பாகம் பழுதாகும் நாளில் பெரும்பாலும் விளக்கையே தூக்கிப்போட வேண்டியிருக்கும். மேல்நோக்கும் ஃப்ளோர் லாம்ப்பில் மட்டும் இதற்கு விலக்கு தரலாம், ஏனென்றால் அதில் தனி பல்புடன் 2,000 லுமென் கிடைப்பது அரிது. ஹோல்டர் திருகு வகையா, ஆணி வகையா என்பதைப் பார்த்துப் பல்பு வாங்குங்கள். மேசை விளக்குகளில் பெரும்பாலும் இ27 என்ற திருகு வகைதான் வரும். நான்கு பக்கமும் மூடிய ஷேடுக்குள் எல்இடி பல்பைப் போடுவதானால், மூடிய விளக்குகளுக்கு ஏற்றது என்று அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். எல்இடியைக் கொல்வது அதன் சொந்தச் சூடுதான்.

பிளக் பாயிண்ட் எங்கெல்லாம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பழைய வாடகை வீடுகளில் அவை குறைவாகவும், தவறான இடத்திலும் இருக்கும். விளக்குகளோடு வரும் வயரோ பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர்தான். கூடத்தின் படத்தை ஒரு தாளில் வரைந்து, பிளக் பாயிண்ட்டுகளைக் குறித்து, ஒவ்வொரு விளக்கின் வயரும் சுவரோரமாகவே போகிறதா என்று பார்த்த பிறகு வாங்குங்கள். நடைபாதையைக் கடக்கும் வயர் மாமியாருக்கு ஆபத்து. அதை மறைக்கத் தரைவிரிப்புக்கு அடியில் விடுவது இன்னும் ஆபத்து, ஏனென்றால் மிதிபட்டு உறை கிழிந்தாலும் வெளியே தெரியாது. நான் சொன்ன விளக்குகள் எல்லாம் சேர்ந்து 40 வாட்டைத் தாண்டாது. தினமும் 5 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 6 யூனிட் ஆகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று அந்தச் சுமையை எளிதாகத் தாங்கும். ஆனால் அதே பாக்ஸில் இஸ்திரிப் பெட்டியையும் ஹீட்டரையும் செருகாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். மாமியாரின் விளக்கையும் மகளின் விளக்கையும் முதலில் வாங்குங்கள். இரண்டு வாரம் அவற்றோடு வாழ்ந்து பாருங்கள். அவற்றிலிருந்து சிதறும் ஒளியே கூடத்துக்குப் பாதி போதும் என்று தோன்றலாம். அதன் பிறகு மேல்நோக்கும் விளக்கு. கணவருடைய ஸ்ட்ரிப் கடைசியில் வரட்டும், அவருக்குப் பொறுமை இருந்தால். இரவில் மாமியார் எழுந்து நடக்கும் வழியில், ஆள் அசைவைக் கண்டு எரியும் சார்ஜ் வகைச் சிறு விளக்கு ஒன்றைக் கணுக்கால் உயரத்தில், இளமஞ்சள் நிறத்தில் வைத்துவிடுங்கள். நீங்கள் அதைக் கேட்கவில்லை என்றாலும், உங்கள் வீட்டுக்கு அது நான் மேலே சொன்ன எதற்கும் குறைவில்லாத தேவை.

டியூப் லைட்டையே மாற்றிவிடலாமா என்று உரிமையாளரிடம் ஒரு முறை கேட்டுப்பாருங்கள். ஆணி அடிக்காதே என்பவர்களில் பலர், இருக்கும் ஃபிட்டிங்கில் டியூபை மட்டும் மாற்றுவதற்கு மறுப்புச் சொல்வதில்லை; 6500 கெல்வின் டியூபைக் கழற்றி 3000 கெல்வின் டியூபைப் போடுவதற்கு ஒரு துளைகூடத் தேவையில்லை. சம்மதித்தால் அதைக் குறுஞ்செய்தியாகவாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய டியூபைத் துணியில் சுற்றி, எந்த அறையிலிருந்து எடுத்தது என்று எழுதி ஒட்டி, பரண் மேல் வையுங்கள். விளக்குகள் வந்த அட்டைப் பெட்டிகளையும் தட்டையாக மடித்து அதே இடத்தில் வைத்துவிடுங்கள், ஏனென்றால் சாமான்களை ஏற்றி இறக்கும்போது முதலில் நசுங்குவது ஷேடுகள்தான்.